புதுப்பிப்பு: அப்பாவின் பேச்சும் பாட்டும்

பாரிசவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, ஆனால் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாட்டு வரி தவறாமல் வருகிறது, பாட்டாலேயே பேச்சு திரும்புமா என்று மட்டக்களப்பிலிருந்து கேட்டிருந்தேன்.

தெரிந்த பாட்டைப் பாடுவது மட்டும் போதாது என்றார் பேச்சுச் சிகிச்சையாளர். அன்றாடம் தேவைப்படும் சொற்களை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துப் பாட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் இடக்கையைத் தட்ட வேண்டும். பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பேச்சாக்க வேண்டும். 1973இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வெளிவந்த முறை இது.

இப்போது "தேத்தண்ணி வேணும்" என்று அப்பா பாடாமலே சொல்கிறார்! எங்களுக்கு அவ்வளவு சந்தோசம். பழகாத சொற்கள் இன்னும் கஷ்டம்தான். மற்றவர் சொல்வது விளங்கியும் பதில் சொல்ல வாய் வராதவர்களுக்குத்தான் இது கூடுதலாகப் பொருந்தும், ஆகவே முதலில் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.