சீனியர் பிளேயர் எடுக்கணுமா, நம்ம பசங்களையே இறக்கணுமா? யோசனை சொல்லுங்க

வணக்கம் மக்களே. வியாசர்பாடி பக்கம் ஒரு சின்ன ஃபுட்பால் கிளப்புக்கு வரவு செலவு பார்க்குறேன். ஆபீஸ் டீம்ல ஆடி முடிச்ச ரெண்டு மூணு சீனியர்களை லீக்குக்கு எடுக்கலாம்னு கமிட்டியில பேச்சு. கோச் ஒத்துக்கல, அப்புறம் நம்ம பசங்களுக்கு பெஞ்சுதான்ங்கிறார்.

1995 மான்செஸ்டர் யுனைடெட்டை இழுக்கிறார். இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ்னு மூணு பெரிய பிளேயர்களை அனுப்பிட்டு, பெக்காம், ஸ்கோல்ஸ்னு சொந்தப் பசங்களை இறக்கி லீக், எஃப்.ஏ. கப் ரெண்டும் அடிச்சாங்களேன்னு. சரிதான். ஆனா பின்னாடி கோல்கீப்பர் ஷ்மைக்கேலும் டிஃபென்டர் புரூஸும்னு சீனியர்கள் நின்னாங்க. அக்டோபர்ல தடை முடிஞ்சு சீனியர் ஃபார்வர்ட் கேன்டோனாவும் வந்துட்டார். அதை மட்டும் யாரும் சொல்றதில்ல!

என் கவலை சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னாடி நடுவுல நிக்கிற டிஃபென்டர். பசங்க பந்து நல்லா ஆடுறாங்க. கார்னர் வந்தா ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். ரெண்டு பேர் ஒரே ஆளைப் பிடிப்பாங்க, பின் போஸ்ட்ல எதிர் டீம் ஆள் ஒருத்தன் ஃப்ரீயா நிப்பான். அங்க மட்டும் ஒரு சீனியர் போதும்னு எனக்குத் தோணுது.

கிளப் நடத்துறவங்க சொல்லுங்க. சீனியருக்கு மேட்ச் கணக்குல காசு குடுக்குறீங்களா, சீசனுக்கு மொத்தமாவா? பிராக்டிஸுக்கு வரணும்னு எழுதி வாங்குறீங்களா? பசங்களுக்கு இத்தனை நிமிஷம்னு முன்னாடியே ஒதுக்குனா, ரெண்டு மேட்ச் தோத்த பிறகும் அது நிக்குதா?