பதக்கம் அடித்தது எந்த வருஷம்?

ஜெர்மனியில் பழம்பொருள் சந்தைகளில் இரண்டாம் உலகப் போர் மெடல்கள் இன்றும் கிடைக்கின்றன. நாஜிச் சின்னமான சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது அங்கே சட்டப்படி குற்றம் என்பதால், அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள். நாஜி ஆட்சியைக் கொண்டாட நான் இவற்றைச் சேர்க்கவில்லை. இவை வரலாற்றுச் சான்றுகள். சான்றில் பொய் கலந்தால் எனக்குக் கோபம் வரும்.

பெர்லின் சந்தையில் ஒருவர் 1939 இரும்புச் சிலுவை (ஜெர்மன் ராணுவ வீரப் பதக்கம்), இரண்டாம் வகுப்பு, ஒன்றை நீட்டினார். தாத்தா ரஷ்யப் போர்முனையில் வாங்கியதாம். அவர் கதை சொல்லச் சொல்ல நான் லென்ஸில் பதக்கத்தின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்க்காலச் சிலுவை பொதுவாக மூன்று துண்டுகளால் ஆனது: நடுவில் கறுப்புப் பூசிய இரும்புத் தகடு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் இரண்டு வெள்ளி நிறச் சட்டங்கள். இரண்டையும் பற்றவைத்த இணைப்புக் கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். அரம் போட்டுத் தேய்த்திருந்தாலும் மூலைகளில் எங்காவது கண்ணில் படும். இவர் கொடுத்ததில் அந்தக் கோடே இல்லை. சட்டத்தின் உள்ளோரத்தில் கூர்மையாக இருக்க வேண்டிய வரிகள் மழுங்கிக் கிடந்தன. 1939 என்ற எண்ணில் 9-இன் வளைவுக்குள் பொடிப்பொடியாகத் துளைகள். அச்சில் அடிக்காமல், உருக்கி ஊற்றி வார்த்த சரக்கு. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

காந்தம் ஒட்டினால் ஒரிஜினல் என்று பலர் நம்புகிறார்கள். போலி செய்பவர்களும் இரும்பு வைக்கிறார்கள். பித்தளைத் தகடு வைத்த நிஜச் சிலுவைகளும் உண்டு. ரிப்பனுக்குப் புற ஊதா விளக்கு நல்லதுதான், செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். ஆனால் பழைய ரிப்பனை யாராவது இன்றைய சோப்புத்தூளில் அலசியிருந்தால் அதுவும் ஒளிரும். ரிப்பனை மாற்றுவதும் ஒரு நிமிட வேலை. வளையத்தில் குத்திய தயாரிப்பாளர் எண்ணைப் பின்னால்கூடக் குத்திவிடலாம்.

இதற்கெல்லாம் நேர்மாறான ஒரு சங்கடமும் உண்டு. ஒரு முதியவரின் வீட்டில் சுவஸ்திகாவுக்குப் பதில் ஓக் இலைகள் உள்ள சிலுவையைப் பார்த்த உறவினர்கள், அதைப் போலி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். போலி இல்லை. 1957-இல் மேற்கு ஜெர்மனி கொண்டுவந்த சட்டம், முன்னாள் படைவீரர்கள் நாஜிச் சின்னம் நீக்கிய பதக்கங்களை அணிய அனுமதித்தது. போர்க்காலத்தில் பதக்கம் செய்த, லூடன்ஷைட் நகரத்து ஷ்டைன்ஹவர் அண்ட் லூக் நிறுவனமே இவற்றையும் செய்தது. நேர்மையான பொருள், போர்க்காலத்தது அல்ல, அவ்வளவுதான்.

உண்மையில் கஷ்டமானவை, போருக்குப் பின் பழைய அச்சிலேயே அடித்தவை. நம்மவர்கள் அதிகம் ஏமாறக்கூடிய இடம் ஆசாத் ஹிந்த் பதக்கங்கள். 1942-இல் ஜெர்மனியில் இருந்தபோது நேதாஜி ஏற்படுத்தியவை இவை. ஜெர்மன் படையோடு சேர்ந்திருந்த இந்தியப் படையணியைச் சேர்ந்தவர்களோடு ஜெர்மானியர்களும் பெறலாம். போர்க்களச் செயலுக்கு வாள்களோடு, மற்றவற்றுக்கு வாள் இல்லாமல். செய்தது வியன்னாவின் ரூடால்ஃப் சூவால் நிறுவனம். போர் முடிந்த பிறகும் சேகரிப்பாளர்களுக்காக அதே நிறுவனம் இவற்றை அடித்து விற்றது. ஆகவே தயாரிப்பாளரும் சரி, வடிவமும் சரி, வேலைப்பாடும் சரி. வருஷம் மட்டும் தவறு!

தெரிந்த ஒருவரிடம் ஒரே வகைப் பதக்கம் இரண்டு இருந்தன. மேசை விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். ஒன்றில் விளிம்பருகே மயிரிழை போல மேடாக ஒரு கோடு. மற்றதில் அது இல்லை, மீதி எல்லாக் கீறலும் மேடும் அப்படியே பொருந்தின. அச்சில் விரிசல் விழுந்தால்தான் பதக்கத்தில் இப்படி மேடு வரும். விரிசல் வளருமே தவிர ஆறாது. எனவே கோடு உள்ளது பிந்தி அடித்தது. அதன் முலாமும் சீராக, புதிதாக இருந்ததால் போருக்குப் பிந்தையது என்றே எடுத்துக்கொண்டோம். கோடு இல்லாதது போர்க்காலத்தது என்று இதனால் மட்டும் சொல்லிவிட முடியாது என்பதையும் அவரிடம் சொன்னேன்.

அவரிடம் ஒரு விருதுச் சான்றிதழும் இருந்தது. தாள் நல்ல தாள்தான். ஆனால் பதக்கத்தில் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. இந்தத் தாள் இந்தப் பதக்கத்துக்குத்தான் என்று எதை வைத்துக் கட்டுவது? படைவீரரின் பெயர் தெரிந்தால் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தில் விசாரிக்கலாம். அதுவும் வீரரைப் பற்றித்தான் சொல்லும், கையில் இருக்கும் உலோகத்தைப் பற்றி அல்ல.

இரண்டையும் அவர் விற்கவில்லை. கோடு உள்ளதன் பெட்டிக்குள் "போருக்குப் பின் அடித்தது" என்று ஒரு சீட்டு எழுதி வைக்கச் சொன்னேன், எழுதி வைத்தார். நாளைக்கு அவர் பிள்ளைகள் அதை விற்கப் போனால், வாங்குபவருக்கு அந்தச் சீட்டும் சேர்ந்து போக வேண்டும்.