இரண்டு முறை கரு கலைந்தால் எந்த டெஸ்ட்கள் தேவை?

குறிஞ்சி29:
வயது 29. 7, 8 வாரத்தில் இரண்டு முறை கலைந்துவிட்டது. டார்ச் (ரூபெல்லா போன்ற தொற்றுகளுக்கு), தைராய்டு, ஏபிஎல்ஏ (ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாடிகள்), புரோட்டீன் சி, எஸ் (ரத்த உறைவைக் கட்டுப்படுத்தும் புரதங்கள்), இருவருக்கும் கேரியோடைப் (குரோமோசோம் டெஸ்ட்) என்று நீளமாக எழுதித் தந்திருக்கிறார்கள். எல்லாமே தேவையா? இரண்டாவது முறை திசுவை பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். காரணம் எதுவும் ரிப்போர்ட்டில் இல்லை.

லேப்மேசை:
பயாப்ஸியில் காரணம் வராது. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் எண்ணிக்கை கூடுவதோ குறைவதோதான் காரணம். பயாப்ஸிக்காக ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போட்டதுமே செல்கள் செத்துவிடும், கேரியோடைப்புக்கு வளர்க்க முடியாது. பயாப்ஸி லேபில் மெழுகில் பதித்து வைத்த திசு (பாரஃபின் பிளாக்) இருந்தால் சில லேப்கள் மைக்ரோஅரே (செல்லை வளர்க்காமல் டிஎன்ஏவிலேயே குரோமோசோமைப் பார்ப்பது) செய்து தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

மறுபடி நேர்ந்தால் டி அண்ட் சிக்கு (கருப்பையைச் சுத்தம் செய்வது) முன்பே சொல்லிவையுங்கள்: ஸ்டெரைல் டப்பா, நார்மல் சலைன், ஃபார்மலின் கூடாது. சலைனில் அலசும்போது கருவைச் சேர்ந்த நஞ்சு இழைகள் (வில்லஸ்) வெள்ளைப் பாசி மாதிரி விரிந்து மிதக்கும். அதைத்தான் பொறுக்க வேண்டும். ரத்தக்கட்டியையும் கருப்பைச் சவ்வையும் அள்ளிப்போட்டால் தாயின் செல்லே டெஸ்ட் ஆகி, '46 எக்ஸ்எக்ஸ், நார்மல்' என்று வரும். தாயின் ரத்தமும் கூட அனுப்பினால் ஒப்பிட்டுவிடலாம்.

ஓபிடாக்டர்:
டார்ச்சை லிஸ்டிலிருந்து அடித்துவிடலாம். அதில் ஐஜிஜி (பழைய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோன தொற்று, அவ்வளவுதான். அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவது வீண். உங்களுக்கோ ரத்த சொந்தத்திலோ ரத்தம் உறைந்த வரலாறு இல்லையென்றால் புரோட்டீன் சி, எஸ் வேண்டாம். கர்ப்பத்தில் எஸ் தானாகவே குறையும். அதைப் பார்த்துத் தேவையில்லாமல் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) ஆரம்பிப்பதும் நடக்கிறது.

விடக்கூடாதது ஏபிஎல்ஏ. லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட், கார்டியோலிபின், பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் மூன்றுமே. கலைந்து 6 வாரம் போகட்டும். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும்.

லிஸ்டில் 3டி ஸ்கேன் இல்லையே? கருப்பைக்குள் தடுப்புச்சுவர் இருக்கிறதா என்று அதில்தான் தெளிவாகத் தெரியும். எச்எஸ்ஜியில் (கருப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) கருப்பையின் வெளிவிளிம்பு தெரியாது, அதனால் தடுப்புச்சுவரையும் இருகொம்புக் கருப்பையையும் பிரித்துச் சொல்ல முடியாது. தைராய்டில் டிஎஸ்எச்சோடு டிபிஓவும் (தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி) சேருங்கள். திசு ரிசல்ட் கையில் இல்லாததால் இருவருக்கும் கேரியோடைப் எடுப்பதில் நியாயம் உண்டு.

குறிஞ்சி29:
ஆஸ்பிரின் 75 சாப்பிடும்போதே ஏபிஎல்ஏவுக்கு ரத்தம் கொடுக்கலாமா?

லேப்மேசை:
கொடுக்கலாம். ஹெப்பாரின், வார்ஃபரின், ரிவராக்ஸபான் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள்தான் லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் டெஸ்டைக் குழப்பும். எடுத்துக்கொண்டிருந்தால் படிவத்தில் எழுதுங்கள். நீல மூடி சிட்ரேட் டியூபில் கோடு வரை ரத்தம் நிரம்பணும். பிளாஸ்மாவை இரண்டு முறை சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றிப் பிரிப்பது) செய்வார்களா என்று கேளுங்கள். தட்டணுக்கள் மிஞ்சினால் பொய்யாக நெகட்டிவ் காட்டும்.