டோல் 'அக்செப்டபிலிட்டி': ஒப்புதலா, ஏற்பா, இசைவா?

நண்பர்களுக்கு வணக்கம்,

சாலைக் கட்டணத்தை (டோல்) மக்கள் ஏற்பார்களா என்பதைக் குறிக்கும் 'அக்செப்டபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'பொது ஒப்புதல்' என்று போடலாம் என இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒப்புதல் என்றாலே கோப்பில் விழும் கையெழுத்துதான் நினைவுக்கு வருகிறது. இங்கே கேள்வி மக்கள் மனசைப் பற்றியது.

இந்தத் துறையில் திட்டம் வரும் முன் மக்கள் நினைப்பதை அக்செப்டபிலிட்டி என்றும், கட்டிப் பழகிய பின் நினைப்பதை அக்செப்டன்ஸ் என்றும் பிரிப்பார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்ததைத் தமிழில் சொல்லவே முடியாது. அங்கே நெரிசலைக் குறைக்க வண்டிகளிடம் 'நெரிசல் கட்டணம்' வாங்கப்போகிறோம் என்றதும் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக வசூலித்து, தெருவில் வண்டி குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது நகரத்தார் வேண்டும் என்றார்கள். முன்னதற்கு 'இசைவு', பின்னதற்கு 'ஏற்பு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அக்செப்டபிலிட்டிக்கு 'ஏற்புடைமை' என்று வைத்தால் அது திட்டத்தின் குணத்தைச் சொல்கிறது, மக்களைச் சொல்லவில்லை.

பணம் கட்டுவதை இந்த இரண்டோடும் சேர்க்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் 2013 டிசம்பரில் மின்னணு முறையில் சாலைக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். தடுப்புக்கட்டை கிடையாது, கேமரா படம் பிடித்து வீட்டுக்கு பில் வரும். ஏராளமான பேர் கட்டவே இல்லை. 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். நம் திருச்சி–தஞ்சாவூர் சாலையின் வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியில் அப்படி முடியுமா? பாஸ்டேக்கிலோ வேறு வழியிலோ பணம் போனால்தான் கட்டை தூக்கும். எல்லாரும் கட்டுகிறார்கள் என்பதால் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய். அதற்கு வெறுமனே 'செலுத்துகை' போதும்.

திருவையாற்றுப் பக்கம் அடியில் வாழைச்சருகு பரப்பி வாழைத்தார் அடுக்கிய குட்டியானை ஒன்று, அந்தச் சாவடியைத் தவிர்த்து, திருச்சி மார்க்கெட்டுக்குக் கல்லணை வழியாகவே போகும். ஓட்டுகிற தம்பியிடம் கேட்டேன். "காசு பெருசில்லண்ணே, எதுக்குக் குடுக்குறோம்னு தெரியலையே" என்றார். சாவடி வந்து பழகிய பின்னும் ஏற்பு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இதே டெல்டாவில் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போனார்கள், ஏனென்றால் தூர்வாரிய வாய்க்காலில் வரும் தண்ணீர் தன் வயலுக்குத்தான் பாயும் என்று தெரியும். இசைவு என்ற சொல்லில் எனக்கு அந்த மண்வெட்டிதான் தெரிகிறது.

அப்புறம், சுங்கம் என்றால் கஸ்டம்ஸ், டோலுக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று ஒரு கருத்தும் உண்டு. சாவடியின் பெயர் ஊர் வாயில் நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம். சுங்கம் நமக்குப் பழைய சொல்தான்; முதலாம் குலோத்துங்கனையே சுங்கம் தவிர்த்த சோழன் என்றுதானே சொல்கிறோம். கட்டும் தொகையை மட்டும் 'சாலைக் கட்டணம்' என்போம்.

மருத்துவத்தில் நோயாளி தரும் சம்மதத்துக்கும் (கன்சென்ட்) இசைவு என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கேயும் முன்கூட்டிக் கேட்டுப் பெறுவதுதான் என்பதால் எனக்கு இடிக்கவில்லை. யாருக்காவது இடித்தால் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள்.