மு. வரதராசனா, ‘வரதராசன், மு.’ என்பதா? துணைநூற்பட்டியல் பற்றிய ஐயம்

ஆய்வுமாணவி:
வணக்கம். ஆய்வேட்டின் முதல் இயலைப் படித்த நெறியாளர், துணைநூற்பட்டியலை ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பு முறைப்படி மாற்றித் தருமாறு கூறியுள்ளார். ஆங்கிலக் கட்டுரைகளின் இறுதியில் 171(4356), 737–738 என்பதுபோல வரும் எண்கள் எவற்றைக் குறிக்கின்றன? குடும்பப் பெயரே இல்லாத நம் ஆசிரியர்களின் பெயர்களை எப்படி முன்பின்னாக மாற்றுவது? புறநானூற்றுக்கு எந்த ஆண்டை இடுவது? அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நூலகர்:
தாங்கள் காட்டியிருக்கும் எண்கள், டிஎன்ஏவின் அமைப்பைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைக்கு உரியவை. 171 என்பது தொகுதி. அடைப்புக்குறிக்குள் உள்ள 4356 இதழ் எண். மற்றவை பக்கங்கள், அதாவது அந்தப் புகழ்பெற்ற கட்டுரை இரண்டே பக்கங்களில் அடங்கிவிட்டது. தொகுதி எண்ணும் இதழின் பெயரும் சாய்வெழுத்தில் வரவேண்டும், இதழ் எண் சாய்வெழுத்தில் வரக்கூடாது. தொகுதி முழுவதும் பக்க எண்கள் தொடர்ச்சியாக ஓடினால் இதழ் எண் தேவையில்லை என்றது ஆறாம் பதிப்பு. ஏழாம் பதிப்போ, இதழ் எண் இருந்தால் எப்போதும் தரச் சொல்கிறது. டிஓஐ (கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதை முழு இணைப்பாக இறுதியில் தந்து, அதன்பின் முற்றுப்புள்ளி இடாமல் விடுங்கள்.

நூல்களுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம் ஆகியவை போதும்; பதிப்பகத்தின் ஊரை ஏழாம் பதிப்பு நீக்கிவிட்டது.

மெய்ப்புநோக்குபவர்:
பெயரைப் பொறுத்தவரை, தலைப்பெழுத்தைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி. இங்கே ‘மு.’ என்பது தந்தையின் பெயரைக் குறிக்கிறது என்றாலும், அகரவரிசையில் நாம் தேடுவது ‘வரதராசன்’ என்பதைத்தான். தந்தை பெயரைப் பின்னால் முழுமையாக எழுதும் வழக்கமுள்ளவர்களிடம்தான் குழப்பம் நேர்கிறது: ஜொடேரோ போன்ற, துணைநூற்பட்டியல் தயாரிக்கும் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு, தந்தையையே ஆசிரியராக்கிவிடுகின்றன! ஆகவே கருவி தரும் பதிவை அப்படியே ஒட்டாமல், நூலின் தலைப்புப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் ‘மு’விலும் மற்றோரிடத்தில் ‘வ’விலும் வந்தால் தேர்வாளரின் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

பதிப்பாய்வாளர்:
புறநானூற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாடலை மட்டும் எடுத்தாண்டால், (புறநானூறு 192) என்று பாடல் எண்ணைத் தருவதே சிறந்தது, ஏனெனில் பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பாடல் எண் மாறாது. உரையையோ பாடவேறுபாட்டையோ முன்னுரையையோ மேற்கோளாக்கினால் பதிப்பாசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றும் கட்டாயம். உ.வே.சா. அந்நூலை முதலில் பதிப்பித்த ஆண்டு 1894 என்பதற்காக, கையில் இருப்பது பிற்காலப் பதிப்பாக இருக்கும்போது 1894 என்று மட்டும் எழுதி அதன் பக்க எண்ணைத் தருவது தவறு. அந்தப் பக்கத்தை 1894ஆம் ஆண்டுப் பதிப்பில் தேடுபவருக்கு வேறு ஏதோ பாடல்தான் கிடைக்கும். வேண்டுமானால் இரு ஆண்டுகளையும் சாய்கோட்டால் பிரித்து எழுதலாம். நம் பதிப்பகங்கள் ‘மறுபதிப்பு’, ‘மறுஅச்சு’ ஆகியவற்றை வேறுபாடின்றிப் பயன்படுத்துவதால், உரிமைப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆய்வுமாணவி:
மூவருக்கும் மிக்க நன்றி. ‘செந்தமிழ்ச் செல்வி’ இதழில் ‘சிலம்பு’, ‘பரல்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றை அப்படியே எழுதலாமா?

நூலகர்:
சிலம்பு என்பது தொகுதி, பரல் என்பது இதழ். ஏபிஏ முறையில் சொற்களை விடுத்து எண்களை மட்டும், சிலம்பின் எண்ணை முதலிலும் பரலின் எண்ணை அடைப்புக்குறிக்குள்ளும் தாருங்கள். அடிக்குறிப்பு முறையைப் பின்பற்றும் துறையாக இருந்தால், இதழில் உள்ளவாறே சிலம்பு, பரல் என்று எழுதுவதற்குத் தடையில்லை. எதற்கும் நெறியாளரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.