சக்கிமுக்கி தட்டியும் தீ பற்றாத இடங்கள்: பார்த்தவர்கள் எழுதுங்க

கருப்பூரான்
ஏற்காட்டு அடிவாரத்துல ஒருத்தர் சக்கிமுக்கி, அதாவது கல்லையும் எஃகையும் உரசித் தீ மூட்டறது, தட்டிக் காட்டினார். எத்தனை தட்டியும் ஒரு பொறி இல்லை. கையில இருந்தது வெள்ளைக்கல்! சேலத்துக்காரங்களுக்குச் சொல்லணுமா, சுண்ணாம்புக் கரட்டுல வெட்டுற மேக்னசைட் அது. கல்லோட கடினத்தை 1ல இருந்து 10 வரை அளக்கிற மோஸ் அளவுல நாலு, நாலரைக்கு மேல போகாது, எஃகைச் சீவ அதுக்குத் தெம்பு கிடையாது. வேண்டியது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். அது 7. ரெண்டும் வெளுப்பா இருக்கறதால குழப்பிக்கிறாங்க. உடைஞ்ச பாட்டில்ல கீறிப் பாருங்க, வெங்கச்சங்கல்லு கோடு போடும், வெள்ளைக்கல் வழுக்கிடும்.

பொறி கல்லுல இருந்து வரலைங்கறதும் பலருக்குத் தெரியலை. கல்லோட கூர்விளிம்பு எஃகைச் சீவுது, சீவின தூள்தான் சூடேறிக் காத்துல எரியுது. அதனால கட்டுக்கம்பி, கம்பித்துண்டு எல்லாம் வீண். கரிச்சத்து கூடின எஃகு வேணும், தேஞ்ச அரம் நல்லா வேலை செய்யும்.

தகடூர் வாசகன்
ஒரு முகாம்ல 'சக்கி'ன்னா கல்லு, 'முக்கி'ன்னா இரும்புன்னு பிள்ளைங்களுக்குப் பாடம் நடந்துச்சு. இன்னும் உறுத்துது. துருக்கிய மொழியில 'சக்மக்'னா தட்டுறது. பாரசீகம், உருது வழியா வந்த 'சக்மாக்' நம்ம வாயில எதுகை பிடிச்சு சக்கிமுக்கி ஆச்சு, அவ்வளவுதான். துப்பாக்கியும் துருக்கியச் சொல்லுதான். பழைய துப்பாக்கியோட குதிரையில, அதாவது விசையை இழுத்தா அடிக்கிற சுத்தியல்ல, பொருத்தினதும் இதே கல்லு.

சொல்லு வெளியூர்னா தீ மூட்டவே தெரியாதவங்கன்னு அர்த்தமில்லை. நமக்கு ஞெலிகோல், அதாவது கடைஞ்சு தீ மூட்டற கோல், இருந்துச்சு. ஞெலிதல்னா கடைதல். புறநானூறு 315ல ஔவையார் அதியமானை, வீட்டு இறப்புல (கூரையோட தாழ்ந்த ஓரத்துல) செருகின ஞெலிகோலுக்கு ஒப்பிடுறாங்க. சும்மா கிடக்கும்போது கண்ணுல படாது, மூண்டா பெருநெருப்பு. அடுப்புப் புகை படுற இறப்புல செருகினா கோல்ல ஈரம் ஏறாதுன்னுதான் அங்க வெச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

மலைமேடு
ரெண்டு பேரும் கல்லையும் சொல்லையும் பிடிச்சிட்டு, பொறியை ஏந்திக்கிற பஞ்சை விட்டுட்டீங்களே! ஏற்காட்டுப் பனியில நான் பார்த்த தோல்வி எல்லாம் பஞ்சாலதான். பொறி அழகா விழுது, வெறும் பஞ்சுல விழுந்து அணைஞ்சு போகுது.

கரித்துணி செய்யுங்க. பழைய பருத்தி வேட்டி மட்டும்தான், டெரிகாட்டன் கலந்தா உருகி ஒட்டிக்கும். ரெண்டு அங்குலத் துண்டா வெட்டி மூடி இறுகின தகர டப்பாவுல தளர்வா போடுங்க. மூடியில ஆணியால ஒரே ஒரு ஓட்டை. தணல்ல வைங்க. ஓட்டை வழியா புகை வரும், சில சமயம் அது பத்திக்கும், விட்டுடுங்க. புகை நின்னதும் எடுத்து ஓட்டையைக் குச்சியால அடைச்சிடுங்க. நல்லா ஆறின பிறகுதான் திறக்கணும். சூட்டோட திறந்தா காத்து பட்டு உள்ளேயே கனிஞ்சு சாம்பலாயிடும், அவசரக்காரங்க எல்லாம் இங்கதான் கோட்டை விடுறாங்க. கருப்பா, வளையற மாதிரி இருந்தா பதம். பழுப்பா இருந்தா திரும்ப வைங்க. தொட்டதும் உதிர்ந்தா தீஞ்சு போச்சு.

தட்டும்போது துணியைக் கல்லுக்கு மேல, விளிம்புல இருந்து ஒரு நெல்லளவு உள்ள தள்ளிக் கட்டைவிரலால அழுத்திக்கணும். எஃகை மோதாம, மேல இருந்து கீழ உரசி இறக்கணும். சிவப்புப் புள்ளி விழுந்தா அது கனல், ஜுவாலை இல்லை. தேங்காய் நாரைக் கையால கசக்கிக் கூடு மாதிரி செஞ்சு, அதுல பொதிஞ்சு மெதுவா ஊதுங்க. பத்தினதும் ஈர்க்கு கனத்துல சுள்ளி, அப்புறம் விரல் கனம். விறகை முதல்லயே வெச்சா அமுங்கிடும்.

அஸ்தம்பட்டி
எங்க பக்கம் இலவம்பஞ்சுதான் வெப்பாங்க. குப்புனு பத்தும்.

மலைமேடு
குப்புனு பத்தும், குப்புனு தீரும். கரிச்சு வெச்சாலொழிய கனல் நிக்காது. கூந்தற்பனை மட்டையோட அடியில இருக்கிற சொரசொர பஞ்சு எவ்வளவோ மேல், தென்னாட்டுலயும் இலங்கையிலயும் அதைத்தான் இதுக்கு எடுத்திருக்காங்க.

கருப்பூரான்
பெட்டிக்கடையில விக்கிற லைட்டர் கல்லையும் சக்கிமுக்கின்னு யாரும் எழுதிடாதீங்க. அது கல்லே இல்லை, சீரியமும் இரும்பும் கலந்த உலோகம். 1903ல ஆஸ்திரியாக்காரர் வெல்ஸ்பாக் காப்புரிமை வாங்கினது. அங்க நிலைமை தலைகீழ், எரியறது அந்தக் 'கல்லு', எஃகுச் சக்கரம் சும்மா சுரண்டி விடுது.

அப்புறம், பழகிப் பார்க்கிறவங்க வீட்டு வாசல்ல பாருங்க. சேர்வராயன் மலையில மாசி பங்குனிச் சருகு ஒரு பொறிக்குத் தாங்காது, காப்புக்காட்டுல தீ மூட்டினா கேஸ் ஆகும்.