கரடுமுரடான தரையில் நீளீட்டி அணியை நகர்த்துதல்

கேள்வி (பாளையங்கோட்டை):
பண்டைக்காலப் போர் பொம்மை விளையாட்டில் மாசிடோனியாவின் (கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த பண்டைய அரசு) நீளீட்டி அணியை ஆடுகிறேன். தேரிமண் ஒட்டிச் செய்த குன்றின்மேல் அதை ஏற்றும்போதெல்லாம் வரிசை உடைந்து தோற்றுவிடுகிறேன். பொம்மைகள் ஒட்டிய நான்கு தட்டுகளையும் அருகருகே ஒரே வரிசையாக வைத்தே மேலே நகர்த்தலாமா, அண்ணாச்சிமாரே?

பதில் 1 (அம்பாசமுத்திரம்):
சில விதிநூல்கள் கரடுமுரடான தரையில் அகன்ற வரிசையை அனுமதிப்பதில்லை. ஒரு தட்டு அகலமுள்ள நெடுவரிசையாகத்தான் செல்ல முடியும், வேகமும் குறையும். இது விதி எழுதியவரின் வீம்பு அன்று. ஐந்து மீட்டருக்கும் நீண்ட ஈட்டியை இரு கைகளாலும் பிடித்துப் பதினாறு வரிசை ஆழத்தில் நிற்பவர்கள், நம்மூர் வயல் வரப்பில் நடந்தாலே நிரை கலைந்துவிடும். கி.மு. 197இல் கிரேக்கத்தின் கைனோசெஃபாலே குன்றுகளில் நடந்த போரில், மாசிடோனிய இடப்பக்கம் அணிவகுத்து முடிக்கும் முன்பே உரோமர் தாக்கி முறியடித்தனர்.

பதில் 2 (தென்காசி):
குன்றை இலகு காலாட்களிடம் (நெருக்கமான வரிசையில்லாமல் போரிடும் காலாட்படை) விட்டுவிடுங்கள். அவர்களுக்கு அங்கே தடை குறைவு. நீளீட்டி அணி சமதளத்தில் காத்திருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் அடுத்த ஆட்டத்தில் குன்றை மேசையின் ஓரத்திற்குத் தள்ளிவைக்க முயல்வேன். எதிராளி சம்மதிப்பாரா என்பதுதான் ஐயம்.